மூச்சு விடும் மூடி

பிரான்ஸில் காகித ஆலைகளுக்குப் பேர்போன அங்குலேம் நகரத்து ஆட்களுக்குக் காகிதம் என்றால் ஒரு தனித் திமிர் உண்டு. காபிக் கடையில் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிப்பதற்கு முன்னால் அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் கிழிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று படிப்பதற்கு முன்பே அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்த ஆலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பெட்டி செய்து பேர் வாங்குவது லேசான காரியம் இல்லை. மகலி தெக்ஸியே அந்தக் காரியத்தைத்தான் கையில் எடுத்திருந்தாள்.

அவள் பல வருஷம் பாரீஸில் ஒரு பெரிய நிறுவனத்தில் பெட்டி வடிவமைத்தவள். அத்தர், கடிகாரம், மது என்று விலை கூடின எதுவும் அவள் கை படாமல் கடைக்குப் போகாது. ஒரு தடவை அவள் பெட்டிக்குப் பரிசு கிடைத்தது. வீடு மாற்றும்போது அந்தப் பரிசுப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டி வந்தது. குப்பையைத் தரம் பிரித்துத்தான் போட வேண்டும் என்பதால் சமையலறை மேஜையில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். பளபளப்புக்காக ஒட்டின பிளாஸ்டிக் படலம் அட்டையை விட்டு வரவில்லை. காந்தம் பசையை விட்டு வரவில்லை. உள்ளே பதித்த நுரைத் தட்டு எதை விட்டும் வரவில்லை. மத்தியானம் முழுக்கக் கத்தியும் கையுமாக மல்லுக்கட்டிவிட்டு, செய்த எனக்கே இதைப் பிரிக்கத் தெரியவில்லையே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

இனிமேல் மண்ணில் போட்டால் மண்ணாகிற பெட்டிதான் செய்வேன், அதுவும் ராஜாவுக்குக் கொடுக்கிற மாதிரி செய்வேன் என்று அவள் சொன்னபோது கூட வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்படியே சைவக் கசாப்புக் கடையும் ஒண்ணு போட்டுடு, மகலி" என்றான் ஒருவன். அவளும் சிரித்துவிட்டுத்தான் சொந்த ஊருக்கு ரயில் ஏறினாள்.

ஊருக்கு வந்ததும் அவள் செய்த ஒரே புத்திசாலித்தனம் பஸ்தியேனைப் பிடித்தது. பஸ்தியேன் ஊருக்கு வெளியே இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாதிரிப் பெட்டி வெட்டுகிறவன். நிரந்தர வேலை. மகலி பேசின பேச்சில் மயங்கி ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வசந்தம் வந்தால் விடுப்பு முடிந்துவிடும். அதற்குள் பெரிய வேலை ஒன்று கையில் விழுந்தால் அவளோடு இருந்துவிடுவான். இல்லையென்றால் திரும்பிப் போய்க் காந்தம் ஒட்ட வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் இது தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

அவன் செய்கிற மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பெட்டியின் மேல் மூடியை வைத்துவிட்டுக் கையை எடுத்தால், சாதாரண மூடி தொப்பென்று விழும், அல்லது பாதியில் கோணிக்கொண்டு நிற்கும். பஸ்தியேனின் மூடி இறங்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று நாலு பக்க இடுக்கு வழியாகவும் ஒரே சீராக வெளியே போக, மூடி தன் பாரத்திலேயே மெல்ல மெல்ல அமர்ந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். தூங்கப் போகிற குழந்தை விடுகிற மூச்சு மாதிரி இருக்கும். மயிரிழை அதிகமாக வெட்டினால் மூச்சு போய்விடும், மயிரிழை குறைத்தால் திணறும். அவன் கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவான், எந்தப் பக்கத்தில் தப்பு என்று. மகலி எத்தனையோ தேசத்துக் கைகாரர்களைப் பார்த்தவள். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. அவன் மூடியை இறக்கிப் பார்க்கும்போதெல்லாம் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். பார்க்கிறேன் என்று அவனிடம் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

பெரிய வேலை கார்த்திகைக் குளிரில் ஒரு பழைய வண்டியில் வந்து இறங்கியது. மதாம் ஒர்த்தான்ஸ் பூயே. ஷரான்ட் ஆற்றங்கரையில் அவர்கள் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டமும் பீப்பாய்க் கிடங்கும் உண்டு. சின்ன நிறுவனம்தான், ஆனால் அவர்கள் வடிக்கிற கொன்யாக் பிராந்திக்கு இருக்கிற மரியாதை பெரிய நிறுவனங்களுக்கே பொறாமை. வடிக்கிற வேலையை முழுக்கப் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் ஒபான். அவர் இறந்து நாலைந்து வருஷமாகிறது. கல்யாணமான வருஷத்தில் அவர் வடித்து வைத்த ஒரு பீப்பாய் அத்தனை காலமும் கிடங்கின் கடைசி அறையில் கிடந்தது. அதை இப்போது பாட்டிலில் அடைத்து வெளியே விடப்போகிறாள். அதற்கு ஒரு பெட்டி வேண்டும்.

"எம் புருஷனுக்கு ஏற்கெனவே ஒரு பெட்டி செஞ்சாச்சு" என்றாள் மதாம், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "வார்னிஷ் அடிச்சு, உள்ள பட்டுத்துணி போட்டு, பித்தளைக் கைப்பிடி வச்சு. அது கல்லறையில இருக்கு. இன்னொண்ணு அதே மாதிரி வேண்டாம்."

மகலிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பஸ்தியேன் சிரித்துவிட்டான். மதாம் அவனைத்தான் அன்று முழுவதும் பார்த்துப் பேசினாள்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிற நாத்தனார் மகன் கிளொவிஸ், பாரீஸ்காரர்களிடம் வேறொரு பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறான். இரண்டையும் ஒரே நாளில், கிடங்கில் வைத்து, அவள் கையாலேயே திறந்து பார்ப்பாள். எது பிடிக்கிறதோ அது.

மகலி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். குளிர்காலத்தில் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடுவார்கள். வெட்டின குச்சிகளைத் தள்ளுவண்டி அடுப்பில் போட்டுத் தோட்டத்திலேயே கொளுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். ஜனவரி மாதம் சமவெளி முழுக்கப் புகையாக நிற்கும். அவள் அந்தக் குச்சிகளைக் கேட்டு வாங்கினாள். ஒபான் நட்ட கொடிகளின் குச்சிகள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு சின்னக் காகித ஆலையில் அதைக் கூழாக்கினார்கள். கூழில் ஒரு பங்கை அச்சில் ஊற்றி, பாட்டில் உட்காரும் அடிப்பெட்டி செய்தார்கள். மிச்சத்தை அழுத்தி அட்டையாக்கி, பசை தொடாமல் மடிப்பாலேயே மூடி செய்தான் பஸ்தியேன். சாயம் இல்லை, அச்சடித்த எழுத்து இல்லை, தங்க முலாம் இல்லை. குச்சியின் நிறம் எதுவோ அதுதான் பெட்டியின் நிறம், பழைய புளியைப் போல ஒரு பழுப்பு. மூடியின் ஓரத்தில் பூயே என்ற பெயர் மட்டும் மையில்லாமல் புடைத்து நின்றது. விரல் படும்போதுதான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கையில் எடுத்தால் வைக்க மனசு வராத பெட்டி. மகலி தன் வாழ்நாளில் செய்த எதையும் விட நல்ல பெட்டி அது.

மூடிக்காக மட்டும் பஸ்தியேன் குளிர்காலம் முழுவதையும் கொடுத்தான். வெட்டி, மடித்து, இறக்கிப் பார்த்து, தூக்கிப் போட்டு, மறுபடி வெட்டி. கடைசியில் ஒரு நாள் மாலை மூடி இறங்கி மூச்சுவிட்டபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது, மகலி" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கத்து இனிப்பு மதுவான பினோவை ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றிக் குடித்தார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் எதையும் சோதிப்பதானால் காகிதத்துக்கென்று இருக்கும் அறையில் வைத்துத்தான் சோதிப்பார்கள். சூடும் ஈரமும் வருஷம் முழுக்க ஒரே அளவில் நிற்கிற அறை. காகித உலகத்தில் அந்த அறை கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி. அங்கே சரியாக இருந்தால் எங்கேயும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். மகலியும் நம்பினாள், பஸ்தியேனும் நம்பினான். அவர்கள் அப்பன் பாட்டனெல்லாம் நம்பினார்கள். அறையில் மூடி அற்புதமாக மூச்சுவிட்டது.

பாட்டிலைத் தானேதான் உள்ளே வைப்பேன் என்று மதாம் சொல்லி அனுப்பியதால், பெட்டியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அவள் பாட்டிலை வைத்து, மூடியை இறக்கி, தனக்குப் பிரியமான எதையும் வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அந்த இடம் பீப்பாய்க் கிடங்கு.

*

ஆற்றோரத்துக் கிடங்கில் ஈரம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அந்த ஈரத்தில்தான் கொன்யாக் முரட்டுத்தனம் குறைந்து பக்குவப்படும் என்று ஈரமான இடமாகத் தேடிக் கட்டின கிடங்கு அது. சுவரெல்லாம் கறுத்துப்போயிருக்கும். உள்ளே நுழைந்தால் சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டும். பெட்டிகளைத் திறந்து பார்க்கிற நாளன்று மகலிக்கு உள்ளே நுழைந்த உடனேயே காலர் ஒட்டியது. மேஜையின் நடுவே தன் பெட்டியைப் பார்த்தாள். இந்த ஈரத்தில் அது எத்தனை நாள் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டாள்.

பக்கத்தில் திரும்பினால் பஸ்தியேன் ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்தான்.

மேஜையைச் சுற்றி மதாம், கிளொவிஸ், இவர்கள் இரண்டு பேர். கிளொவிஸ் கெட்டவன் இல்லை. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டு, குளிர்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். ஒபானின் தங்கை மகன். மாமா மேல் அவனுக்கும் பிரியம்தான். அவனுடைய பெட்டி மேஜையின் ஓரத்தில் கருப்பாக, பியானோ மாதிரி மின்னிக்கொண்டு நின்றது.

மதாம் முதலில் மகலியின் பெட்டியைத்தான் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் தடவினாள். விரல் பெயரில் பட்டதும் நின்றது. மறுபடி தடவினாள்.

"இது எங்க தோட்டத்துக் குச்சியா?"

"ஆமாம் மதாம். மேல்பக்கத்துச் சரிவுல வெட்டினது."

"அங்க ஒபான் நட்டது." அவ்வளவுதான் சொன்னாள். மகலிக்கு அரை நிமிஷம் உயிர் வந்தது. மதாம் இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் தூக்கினாள்.

மூடி வரவில்லை. பெட்டி வந்தது. பாட்டிலும் அடிப்பெட்டியும் எல்லாமாகச் சேர்ந்து மேஜையை விட்டு மேலே எழுந்தன. மதாம் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். மறுபடியும் அதேதான். அச்சில் ஊற்றின அடிப்பெட்டி கிடங்கின் ஈரத்தையெல்லாம் குடித்து உப்பிப்போய், மூடியைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. மயிரிழை இடுக்கில் காற்றுக்கே வழியில்லை. இனி எங்கே மூச்சு விடுவது.

பஸ்தியேன் எழுந்து போய் முயற்சி செய்தான். ஒரு மூலையைப் பிடித்து ஆட்டினான், இன்னொரு மூலையைத் தட்டினான். அவன் காது வரை சிவந்துவிட்டது. கல்யாணத்தன்று பிள்ளைக்குப் பேச்சு வராமல் போனால் தகப்பன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். மகலிக்கு அவனைப் பார்க்க முடியவில்லை.

"எங்க ஊர் நத்தைகூட இந்நேரம் ஓட்டை விட்டு வெளிய வந்திருக்கும்" என்றான் கிளொவிஸ். மனதில் வைத்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனாலும் அது ஊசி மாதிரி ஏறியது.

மதாம் சிரிக்கவில்லை. "உன்னோடதைக் காட்டு" என்றாள்.

கிளொவிஸ் கருப்புப் பெட்டியை அவள் முன் நகர்த்தினான். அவள் விரல் வைத்ததும் காந்தம் விட்டு டக்கென்று கதவு திறந்தது. உள்ளே சின்ன விளக்கு ஒன்று பற்றிக்கொண்டு பாட்டில் மேல் வெளிச்சம் பாய்ந்தது. ஊதாப் பட்டு. பொன்வளையம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை, மகலியே ஒப்புக்கொள்வாள். ஒரு காலத்தில் அவள் செய்த மாதிரியே இருந்தது.

மதாம் குனிந்து உள்ளே பார்த்தாள். கதவை மூடினாள். மறுபடி திறந்தாள். விளக்கு எரிந்தது.

"ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு" என்றாள். "வெண்ணெய் எங்கடா வச்சிருக்க?"

கிளொவிஸ் அசடு வழியச் சிரித்தான். ஆனால் அவன் விடுகிற ஆள் இல்லை. இந்தப் பெட்டி ஏன் வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தான். இந்த விலைக்கு வாங்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட மாட்டார்கள். அலமாரியில் வைப்பார்கள். பெட்டி கசங்காமல் இருக்க இருக்கப் பாட்டிலின் மதிப்பு ஏறும். மாமா கடைசியாக வெளியே விட்டாரே அந்தச் சரக்கு, அதில் ஒரு பாட்டில் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்து, அங்கிருந்து ஹாங்காங் போய், போன மாதம் நியூயார்க்கில் மறுபடி ஏலத்துக்கு வந்திருக்கிறது. பெட்டியில் ஒரு கீறல் கிடையாது.

"மூணு கை மாறியும் முத்திரைகூட உடையல அத்தை" என்றான் பெருமையாக.

மதாம் நிமிர்ந்தாள். "உடையலன்னா?"

"யாரும் தொறக்கவே இல்ல."

"குடிக்கலையா?"

"அதெல்லாம் குடிக்கறதுக்கா வாங்கறாங்க?" என்றான் அவன். அவள் முகம் மாறியதை அவன் இன்னும் கவனிக்கவில்லை. "அந்த வருஷச் சரக்குல முக்கால்வாசி அப்படித்தான் இருக்கு. பெட்டகத்துல பத்திரமா இருக்கு."

மதாம் கருப்புப் பெட்டியின் கதவை மெல்லச் சாத்தினாள். விளக்கு அணைந்தது. அப்புறம் யாரையும் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒபான் போனதுக்கப்புறம் நான் என்ன நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன் தெரியுமா? எங்கயோ ஒரு வீட்டுல கல்யாணம் நடக்குது, யாரோ ஒருத்தன் இதை ஒரு வாய் குடிச்சிட்டு, அடடான்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட நீட்டறான், அப்படின்னு நெனச்சேன். அதுல ஒபான் இருக்கான்னு நெனச்சேன். நீ பெட்டகத்துல இருக்கான்ங்கற."

கிளொவிஸ் கருப்புப் பெட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மகலிக்கு அந்த நேரத்தில் தப்பிக்க ஒரு வழி இருந்தது. நல்ல வழிதான். பெட்டியைக் கணப்பு எரிகிற அலுவலக அறையில் கொஞ்ச நேரம் வைத்தால் ஈரம் வடிந்து மூடி தானாக விட்டுவிடும். அடிப்பெட்டியைக் கொஞ்சம் இளைக்க வைத்தால் அடுத்த முறை கிடங்கிலும் மூச்சு விடும். பஸ்தியேன் மேஜைக்குக் கீழே அவள் காலைத் தட்டினான். அவனுக்கும் அதுதான் தோன்றியிருந்தது, கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினான். சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்தவள் மதாமின் கையைப் பார்த்தாள். கொடி வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. அது பெட்டி மேல் இருந்தது, மூடியின் ஓரத்தில், பெயருக்குப் பக்கத்தில். அந்தக் கைக்கு அழகாக மூச்சுவிடுகிற மூடி எதற்கு? எத்தனை அழகாகத் திறந்தாலும் அத்தனை அழகாக மறுபடி மூடிக்கொள்ளும். அதையும் ஒருவன் வாங்கிப் பெட்டகத்தில் வைப்பான். பஸ்தியேனின் கைவேலை உயர உயர, திறக்காமல் வைக்கத்தான் ஆசை வரும். மகலிக்கு அது அப்போதுதான் உறைத்தது. பஸ்தியேன் பக்கம் திரும்பினால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் திரும்பாமலே சொன்னாள்.

"கிழிச்சிடுங்க மதாம்."

பஸ்தியேனின் கால் அவள் காலை விட்டு விலகியது.

மதாம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவா?"

"அட்டைதான் மதாம். கிழியும்."

மதாம் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து, முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டாள். கட்டை விரலை மூடியின் மூலை மடிப்புக்குள் விட்டாள். இழுத்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தாள். மூடி கிழிந்தது. கரகரவென்று, காய்ந்த கொடியைப் பிய்க்கிற சத்தம். மூலையில் ஆரம்பித்துக் கோணலாக மேலேறி, பெயரின் நடுவில் பாய்ந்து, அந்தப் பக்கம் போய் நின்றது. மதாம் கிழிந்த இடத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே இருந்தது. அதே பழுப்பு, அதே நார். உரித்து வருகிற படலம் இல்லை, எட்டிப் பார்க்கிற சாம்பல் நிற அட்டை இல்லை.

"உள்ளயும் இதேதானா?"

"வேற ஒண்ணுமே இல்ல மதாம்."

மூடியின் மிச்சத்தையும் பிய்த்துப் போட்டுவிட்டு அவள் பாட்டிலை வெளியே எடுத்தாள். முத்திரையை நகத்தால் உடைத்தாள். ருசி பார்க்கிற சின்னக் கிண்ணங்கள் கிடங்கில் எப்போதும் இருக்கும். நாலு பேருக்கும் ஊற்றினாள். தன் கிண்ணத்தை எடுத்து மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். இறங்கின பிறகு கண்ணில் நீரோடு சிரித்தாள்.

"இன்னும் முன்கோபம் போகல இவனுக்கு."

அப்புறம் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கணக்காகப் பேசினாள். இதுதான் தன் பெட்டி. ஆனால் மூடி திறக்க வரக் கூடாது. வாங்கினவன் குடிக்கணும் என்று முடிவு செய்தால் கிழிக்க வேண்டும். கிழிக்க மனசில்லாதவன் வாங்கவே வேண்டாம். கிளொவிஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கிழித்துவிட்டால் ஏலத்துக்குப் போகாதே அத்தை, பணக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்றான். அதான் வேணும் என்றாள் மதாம். கோவிச்சுக்கிட்டே குடிக்கட்டும்.

மகலிக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய வேலை. தாவிக் குதிக்க வேண்டிய நேரம். அவளால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஏனென்றால் பஸ்தியேன் நாற்காலியில் இல்லை. கீழே குந்தி உட்கார்ந்து, மதாமின் காலடியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு வெட்டின மூடி. அவனைப் போல இன்னொருவனால் இந்தத் தேசத்தில் செய்ய முடியாத மூடி. அதைக் கிழிக்கச் சொன்னது அவள். எழுந்து நேராகத் தொழிற்சாலைக்கே போய்விடுவான் என்று நினைத்தாள். போனால் குறை சொல்ல முடியாது என்றும் நினைத்தாள்.

"பஸ்தியேன்" என்றாள்.

அவன் பெரிய துண்டு ஒன்றைத் தூக்கி, கிழிந்த விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தான். நாக்கால் ஓரத்தை நனைத்தான். அட்டை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று கவனித்தான். பிறகு அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, தானே ஒரு கிழி கிழித்தான். கோணலாகப் போயிற்று. திருப்பிப் பிடித்து இன்னொரு கிழி கிழித்தான். இந்தத் தடவை மேலிருந்து கீழே வரை, கத்தி வைத்து வெட்டின மாதிரி நேராக வந்தது.

"நாரைக் குறுக்கால வச்சிருக்கேன்" என்றான் யாருக்கும் இல்லாமல். "மூடி இறங்கறதுக்கு அதான் நல்லது. கிழிக்கறதுக்கு ஆகாது. நாளைக்கு அட்டையைத் திருப்பி வெட்டிப் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "ஆரம்பிக்கற எடத்துல கட்டை விரல் போற அளவுக்கு ஒரு மடிப்பு விடலாம். வயசானவங்க கைக்கும் வரணும்ல."

மகலிக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். தொண்டை எரிந்தது. நல்ல வேளையாக அதன் மேல் பழியைப் போட முடிந்தது.

கிளொவிஸுக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. வியாபாரம் பார்க்கிறவன், கேட்காமல் இருக்க முடியாது. அவன் கிண்ணம் நிரம்பினபடி அப்படியே இருந்தது. பஸ்தியேன் கையில் இருந்த துண்டையும் மேஜையில் திறந்து நின்ற பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாம் சரிங்க. கிழிச்சாச்சு. அதுக்கப்புறம் எப்படி மூடறது?"

பஸ்தியேன் எழுந்து, கால் சட்டையைத் தட்டிக்கொண்டு, அந்தக் கிண்ணத்தை எடுத்துக் கிளொவிஸின் கையில் கொடுத்தான்.

"மூட வேண்டாம்" என்றான். "குடிங்க."